பூங்காச் சுவருக்குக் கை கொடுத்தவர்களுக்கு நன்றி

அனைவருக்கும் வணக்கம்.

வேளச்சேரியில் நம் தெருப் பூங்காவின் சுவரில் பள்ளிக்கரணைச் சதுப்புநிலத்துப் பறவைகள் ஓவியமாக வந்து இறங்கிவிட்டன. 60 அடி நீளம், 6 அடி உயரம். பூநாரையின் நிறத்தைப் பாராட்டாதவர் இல்லை. அந்தப் பாராட்டு ஓவியருக்குப் போய்ச் சேரட்டும். இந்த மடல், அந்த நிறத்துக்கு அடியில் கிடக்கும் வேலையைச் செய்தவர்களுக்கு.

முதல் நன்றி கொத்தனார் அண்ணனுக்கு. சுவரின் அடியில் ஒன்றரை அடிக்கு உப்பு பூத்திருந்தது. பட்டி பார்த்து மூடிவிடலாம் என்றுதான் பலரும் சொன்னார்கள். செடிக்குப் பாயும் தண்ணீர் சுவருக்குள் ஏறுகிறது, காயும்போது உப்பை வெளியே தள்ளுகிறது, அதை நிறுத்தாமல் எதைப் பூசினாலும் பொரிந்து உதிரும் என்று சொல்லிவிட்டு, உளுத்த பூச்சைச் செங்கல் தெரியும்வரை கொத்தி எடுத்தார். உப்பைத் தண்ணீர் விட்டுக் கழுவவும் விடவில்லை. கழுவினால் கரைந்து மறுபடி உள்ளே போய்விடும். உலர்ந்த கம்பி பிரஷால் தேய்த்து வாரிக் கொட்ட வேண்டும். புதுப் பூச்சை ஒரு வாரம் நனைத்து, மொத்தம் 28 நாள் ஆறவிட்டதும் அவர் பிடிவாதம்தான். இன்னும் ஆறாத பூச்சின் காரத்தன்மை வண்ணத்தைத் தின்றுவிடும்.

தண்ணீரின் வரத்தை அடைத்தவர்கள் தோட்டப் பணியாளர்கள். தெளிப்பானைத் திருப்பி வைத்து, சுவரை ஒட்டியிருந்த மண்ணை ஓர் அடி அகலத்துக்கு வாரி ஜல்லி போட்டார்கள். கொடியையும் பெயர்த்துத் தள்ளி நட்டார்கள். ஈரம் போயிற்றா என்று பார்க்க ஓர் அடிச் சதுரப் பாலிதீன் தாளை நாலு பக்கமும் டேப் வைத்து ஒட்டினோம். மறுநாள் அதன் உள்பக்கம் வியர்க்காத பிறகுதான் ப்ரைமர், அதாவது வண்ணத்துக்கு முந்தைய அடிப்பூச்சு.

பெயிண்ட் கடை அய்யா எங்களுக்குச் செலவைக் குறைத்தார். எனாமல் என்னும் எண்ணெய் பெயிண்ட் வேண்டாம், சுவர் மூச்சுவிடாமல் கொப்புளிக்கும் என்று தடுத்தவர் அவர். 360 சதுர அடிக்கு வெளிச்சுவர் ப்ரைமர் 4 லிட்டர், அடிநிறத்துக்குத் தண்ணீர் கலந்து அடிக்கும் எமல்ஷன் பெயிண்ட் இரண்டு கோட்டுக்கு 8 லிட்டர் என்று அவர் போட்ட கணக்கு சரியாக வந்தது. அடர்நிறங்களைக் கடை மெஷினிலேயே கலந்து கொடுத்தார். வெள்ளையில் ஸ்டெயினர் என்னும் நிறச் சாயத்தை அள்ளி ஊற்றினால் நிறம் ஏறும், ஆனால் காயாமல் பிசுபிசுக்கும். சாயங்கால வெயில் நேரே விழும் சுவர் என்பதால், பூநாரையின் உடலுக்கு எளிதில் வெளுக்காத செங்காவி ஆக்சைடும் வெள்ளையும் கலந்த நிறம். பளிச்சென்ற சிவப்பு இறக்கையில் மட்டும். வெளுத்தால் அந்த இடத்தை மட்டும் தொட்டுக்கொள்ளலாம். இதே வெயிலுக்காகத்தான் வேலை எல்லாம் மதியத்துக்குள் முடிந்தது. சுட்ட சுவரில் வண்ணம் இழுபடாமல் திட்டுத்திட்டாக நிற்கும்.

பறவை பார்க்கும் நண்பர்கள் பென்சில் கோட்டிலேயே இரண்டு பிழை கண்டார்கள். நெடுங்கால் உள்ளானுக்கு முழங்கால் நம்முடையதுபோல் முனை முன்பக்கம் துருத்த மடங்கியிருந்தது. நம் கண்ணுக்கு முழங்காலாகத் தெரிவது அதன் கணுக்கால், மடங்கும்போது முனை பின்னோக்கித்தான் துருத்தும். இன்னொன்றை நாங்கள் யோசித்திருக்கவே மாட்டோம். நீளவால் இலைக்கோழிக்கு அந்த நீள வால் இனப்பெருக்கக் காலத்தில்தான். பக்கத்தில் வரைந்திருந்ததோ குளிர்காலத்தில் வலசை வரும் ஊசிவால் வாத்து. வால் சுருங்கியது. படம் கொஞ்சம் அழகு குறைந்ததாகச் சிலர் வருந்துகிறார்கள்; எங்களுக்கு வருத்தமில்லை.

பள்ளிப் பிள்ளைகள் நூல் அடித்து ஓரடிக் கட்டம் போட்டார்கள், சம்புப் புல்லை அவர்களே தீட்டினார்கள். மின்சாரம் கொடுத்த எதிர்வீட்டு அக்காவுக்கும், சாரம் தந்தவருக்கும், டீக்கடைக்கும் நன்றி. பிரஷ் கழுவிய தண்ணீரைச் செடியிலோ மழைநீர் வடிகாலிலோ கொட்டாமல் டிரம்மில் தெளியவைத்து, கசடைக் காயவைத்து அள்ளிய தூய்மைப் பணியாளர்களுக்கும்.

மீந்த வண்ணங்கள் எந்தப் பறவைக்கு எது என்று எழுதிய டப்பாக்களில் வாட்ச்மேன் அய்யாவின் அறையில் இருக்கின்றன. கீறல் விழுந்தால் அவரிடம் சொல்லுங்கள். சைக்கிளை மட்டும் தயவுசெய்து சுவரில் சாய்க்காதீர்கள்.

அன்புடன்,
பூங்காச் சுவரோவியக் குழு