வில்லன் இல்லாமலும் கதை நகரும்

மதிப்பிற்குரிய ஆசிரியருக்கு, வணக்கம்.

சிறுகதை எழுதப் பழகும் மாணவர்களுக்காக ஞாயிறு இணைப்பில் வந்த கட்டுரையைப் படித்தேன். மனிதனோடு மனிதன், இயற்கையோடு மனிதன், சமூகத்தோடு, விதியோடு, தன் மனசோடு என்று கதையில் வரும் மோதல்களை வகை பிரித்துச் சொன்னது சரி, பிள்ளைகளுக்கு உதவும். ஆனால் முதலில் வலுவான ஒரு வில்லனை உருவாக்குங்கள், மோதல் தானாக வந்துவிடும் என்று கடைசியில் சொல்லியிருக்கிறீர்களே, அதைத்தான் என்னால் ஏற்க முடியவில்லை. வில்லன் ஒரு சிக்கலைத் தொடங்கி வைப்பான், அவ்வளவுதான்.

சிலப்பதிகாரத்தையே எடுத்துக்கொள்ளுங்கள். அரசியின் சிலம்பைத் திருடிவிட்டுப் பழியைக் கோவலன் மேல் போட்ட பொற்கொல்லன்தான் அதில் வில்லன். கண்ணகி அவனைத் தேடிப் போகவே இல்லை, நேராக அரண்மனை வாசலுக்குப் போகிறாள். வழக்குரை காதையில் மோதுவது அவளும் பாண்டியனும்தான், அந்தப் பாண்டியனும் கொடியவன் இல்லை, தீர விசாரிக்காமல் ஆணையிட்டுவிட்டவன், சிலம்பு உடைந்து மாணிக்கப் பரல் தெறித்ததுமே ‘யானோ அரசன் யானே கள்வன்’ என்று சொல்லி உயிரை விடுகிறவன். பின்னால் பொற்கொல்லர் ஆயிரம் பேர் பலியிடப்பட்டது வெறும் செய்தியாக வந்து போகிறது. சரி, இந்த மோதலை உங்கள் வகைகளில் எதில் வைப்பது? அரசியல் பிழைத்தோர்க்கு அறம் கூற்றாகும் என்றும், ஊழ்வினை உருத்து வந்து ஊட்டும் என்றும் பதிகம் இரண்டையும் சேர்த்தே சொல்கிறது.

இன்னும் தெளிவான உதாரணம் ஜெயகாந்தன். 1966-ல் ஆனந்த விகடனில் வந்த ‘அக்கினிப் பிரவேசம்’ கதையில், மழையில் பஸ்ஸுக்குக் காத்திருக்கும் கல்லூரிப் பெண் முன்பின் தெரியாத ஒருவனின் காரில் ஏறுகிறாள், கெடுக்கப்பட்டு வீடு திரும்புகிறாள். அந்த ஆளை அதோடு கதை விட்டுவிடுகிறது. அதன் பிறகு எல்லாம் வீட்டுக்குள்தான், விதவைத் தாயின் மனசுக்குள்தான். மகள் சொன்னதைக் கேட்டு அலறுகிறாள், அடிக்கிறாள், சத்தம் கேட்டு அக்கம்பக்கத்தார் வந்து நின்றதும் மழையில் இப்படித் தெப்பமாக நனைந்து வந்திருக்கிறாளே என்று சமாளிக்கிறாள், அப்புறம் மகளின் தலையில் தண்ணீரைக் கொட்டி அவளைத் தூய்மையானவள் என்கிறாள். அந்தச் சில நிமிடங்களில் தாய் எந்தப் பக்கம் சாய்வாள் என்பதுதான் கதையின் மோதல். வாசகர்கள் கொதித்துப் போனார்கள். அந்தத் தாய் அப்படிச் செய்யாமல் ஊருக்கே தெரியும்படி கத்தியிருந்தால் என்ன ஆகும் என்று யோசித்து எழுதியதுதான் 1972-ல் சாகித்ய அகாதமி விருது பெற்ற ‘சில நேரங்களில் சில மனிதர்கள்’ நாவல். அதே மழை, அதே கார். தாய் செய்தது மட்டும் மாறியது, உடனே தாயின் மனசுக்குள் நடந்த போராட்டம் ஒரு பெண்ணுக்கும் சமூகத்துக்கும் நடக்கும் போராட்டமாகிவிட்டது. அந்தக் காரில் வந்தவனையும் நாவலின் நாயகி கங்கா பிற்பாடு தேடிக் கண்டுபிடிக்கிறாள், அவனோடு நட்பாகிறாள், பார்த்தால் அவன் பரிதாபமான, பலவீனமான மனிதன். வலுவான வில்லன் எங்கே இருக்கிறான் இதில்?

பள்ளிப் போட்டிகளுக்கு வரும் கதைகளைப் படிக்கிறவள் என்பதால்தான் இவ்வளவு சொல்கிறேன். கந்துவட்டிக்காரன், குடிகார அப்பா, கொடுமைக்கார மாமியார், இவர்களே திரும்பத் திரும்ப வருகிறார்கள். அவர்கள் கெட்டது செய்வார்கள், கடைசிப் பத்தியில் திருந்துவார்கள் அல்லது போலீஸ் வரும். நல்லவராக வரும் பாத்திரம் எந்த முடிவும் எடுக்க வேண்டியதே இல்லை, அடி வாங்கினால் போதும். பிள்ளைகளிடம் திறமை இல்லை என்று நான் சொல்ல மாட்டேன், வில்லனைத் தேடு என்று நாம்தான் அவர்களை அனுப்பி வைக்கிறோம்.

அடுத்த பயிற்சியில் கெட்டவரே இல்லாத ஒரு வீட்டுச் சண்டையை எழுதச் சொல்லுங்களேன். தங்கையின் படிப்புக்காக நிலத்தை விற்கலாம் என்கிறான் அண்ணன், விற்றால் சாப்பாட்டுக்கு என்ன வழி என்கிறார் அப்பா, இரண்டு பேருமே அவள் மேல் உயிரை வைத்திருக்கிறார்கள். வருகிற கதைகளில் நல்லதாக இரண்டு மூன்றை இணைப்பில் போடுங்கள்.

இப்படிக்கு,
ஒரு தமிழாசிரியை,
திருநெல்வேலி