ஞாயிறு தரங்கம்பாடி: நடை, படம், கடல்

வணக்கம் நண்பர்களே, இந்த ஞாயிறு நாம் நடந்து படம் வரையப் போவது தரங்கம்பாடிதான், முடிவாகிவிட்டது. சனி இரவே மயிலாடுதுறை வந்துவிடுங்கள். சூரியன் கடலிலிருந்து மேலே வருவதைப் பார்க்க வேண்டுமென்றால் விடியுமுன் கரையில் நிற்க வேண்டும், பஸ்ஸை நம்ப முடியாது, அதனால் வேன் பேசியிருக்கிறேன்.

முதலில் மாசிலாமணி நாதர் கோயில். 1306-இல் மாறவர்மன் குலசேகர பாண்டியன் கட்டியது, முன்பகுதியைக் கடல் கொண்டுபோய்விட்டது, மிச்சமிருப்பதன் பக்கத்தில் அலை அடித்துக்கொண்டே இருக்கும். அங்கே பேசாமல் அரை மணி நேரம் உட்காரலாம் (முடிந்தால்!). அப்புறம் டேனிஷ்காரர்கள் 1620-இல் கட்டத் தொடங்கிய கோட்டை, அதைத் தாண்டி ராஜா வீதியில் மெதுவாக நடை, பழைய தூண்களும் திண்ணைகளும் வரைய அவ்வளவு நன்றாக இருக்கும். 1718-இல் கட்டிய புதிய எருசலேம் தேவாலயமும் அந்த வீதியில்தான்.

தாளைப் பிடிக்க கிளிப் கட்டாயம். போன தடவை என் கோட்டைப் படம் காற்றில் பறந்து நேராகக் கடலுக்குப் போனது, நல்லவேளை, அது சுமாரான படம்தான். உப்புக் காற்றில் வாட்டர்கலர் சீக்கிரம் காயாது, பென்சிலும் எடுத்து வாருங்கள். வரைய வராதவர்கள் சும்மா நடக்க வரலாம், சுண்டல் வாங்கித் தரும் பொறுப்பு அவர்களுக்கு.

வருபவர்கள் வெள்ளிக்குள் இங்கேயே சொல்லிவிடுங்கள்.