புதரை வெட்டும் முன்: எங்கள் பஞ்சாயத்துக்கும் கிராம சபைக்கும் ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய பஞ்சாயத்துத் தலைவர் அவர்களுக்கும், வார்டு உறுப்பினர் அவர்களுக்கும், வரும் கிராம சபையில் கூடவிருக்கும் ஊராருக்கும் வணக்கம்.

கேரளத்தின் பாலக்காடு மாவட்டத்தில், சித்தூர் வட்டத்தின் கிழக்கு ஓரத்தில், கோபாலபுரம் சோதனைச்சாவடிக்குப் போகும் வழியில், மூன்று தலைமுறையாகத் தென்னந்தோப்பு வைத்திருக்கும் குடும்பத்தைச் சேர்ந்தவள் நான். வாய்க்கால் மேட்டுப் புதர்களையும் தோப்புகளின் கிளுவை வேலிகளையும் இயந்திரம் வைத்து அகற்றி, புற்றுகளை இடித்து, ஊரிலுள்ள பாம்புகளை எல்லாம் பிடித்து மலையடிவாரத்தில் கொண்டுபோய் விட்டுவிட வேண்டும் என்று ஒரு தீர்மானம் தயாராகியிருக்கிறது. அதற்குக் கையெழுத்துக் கேட்டு என் வீட்டுக்கும் வந்தார்கள். நான் போடவில்லை. ஏன் போடவில்லை என்பதைத் திண்ணையில் நின்றபடி சொல்லி முடிக்க இயலாததால், இந்த மடலை எழுதுகிறேன்.

ஆடி மாதத்தில் நம் ஊரில் இறந்த சிறுவனை நான் அறிவேன். தோப்புச் சாளையில், அதாவது தோப்பு வேலைக்காரர்கள் தங்கும் குடிசையில், தரையில் பாய் விரித்துத் தாயோடு படுத்திருந்தவன், விடியற்காலையில் வயிறு வலிக்கிறது என்று எழுந்தான். முந்தின இரவு சாப்பிட்டது ஒத்துக்கொள்ளவில்லை என்று எண்ணி ஓமத் தண்ணீர் கொடுத்தார்கள். சற்று நேரத்தில் அவன் இமைகள் தாமாகவே சரிந்தன. தூக்கம் வருகிறது போலும் என்று மடியில் கிடத்திக்கொண்டார்கள். கட்டு விரியனின் பல் மிகச் சிறியது. கடித்த இடத்தில் பெரும்பாலும் வீக்கமோ வலியோ இருப்பதில்லை என்பதால், உறக்கத்தில் கடிபட்டவருக்குக் கடித்ததே தெரியாமல் போகிறது. வயிற்றுவலியும், தொண்டை அடைப்பும், இமை சரிவதும்தான் அதன் அடையாளங்கள் என்று அந்தத் தாய்க்கு நம்மில் ஒருவரும் ஒருநாளும் சொல்லியிருக்கவில்லை. தீர்மானத்துக்குப் பின்னால் இருக்கும் கோபம் அந்தப் பிள்ளையின் பொருட்டு எழுந்தது. எனக்கும் அந்தக் கோபம் உண்டு.

ஆனால் அவன் படுத்திருந்த இடம் வாய்க்கால் மேட்டிலிருந்து வெகுதூரம். சாளைச் சுவரை ஒட்டிக் கிடந்தது ஆளுயரத் தேங்காய் மட்டைக் குவியல். அதன் அடியில் எலி வளைகள் இருந்தன, கதவுக்குக் கீழே நான்கு விரல் இடைவெளி இருந்தது, கொசுவலை இல்லை. கட்டு விரியன் இரவில் இரை தேடும் பாம்பு. எலியும் ஓணானும், பிற பாம்புகளும்கூட அதற்கு உணவு. கிளுவை வேலியை வேரோடு பிடுங்கினாலும் அந்த மட்டைக் குவியல் அங்கேயேதான் இருக்கும். வேலியில் ஒதுங்கியிருந்தவை புகலிடம் தேடி மட்டைக்கும் மாட்டுக் கட்டுத்தறிக்கும் விறகு அடுக்குக்கும் வந்து சேரும்.

பாம்புகளை எல்லாம் பிடித்துக் கொண்டுபோய் விட்டுவிடலாம் என்பதைப் பற்றியும் சொல்ல வேண்டும். நல்ல பாம்பு, கண்ணாடி விரியன், சாரை எவையானாலும் அவற்றைக் கொல்வதும், அனுமதியின்றிப் பிடிப்பதும் 1972-ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி குற்றம். நம் மாநில வனத்துறை 2020-இல் தொடங்கிய சர்ப்பா செயலியில் தெரிவித்தால், பயிற்சி பெற்றுச் சான்றிதழ் வாங்கிய மீட்பாளர் வந்து வீட்டுக்குள் புகுந்த பாம்பைப் பிடித்துச் செல்கிறார். அந்த ஏற்பாடு வீட்டுக்குள் வந்துவிட்ட ஒரு பாம்புக்கானது. ஓர் ஊரையே பாம்பில்லாமல் ஆக்குவதற்கானது அன்று. எலி இருக்கும்வரை காலியான வளைக்கு வேறொரு பாம்பு வரும். என் கட்டுத்தறியில் ஆறு அடிச் சாரை ஒன்று பல காலமாக வந்து போகிறது. தவிட்டு மூட்டைகளுக்குப் பின்னால் அது நுழைந்தால் உள்ளே எலிகள் கீச்சிடும். சற்றுப் பொறுத்து, கழுத்துக்குக் கீழே புடைத்த உடம்போடு மெல்ல வெளியே வந்து, தண்ணீர்த் தொட்டி ஓரமாகவே போய்விடும். அதை நல்ல பாம்பு என்று எண்ணி அடிக்க ஓடி வந்தவர்களை இரண்டு முறை தடுத்திருக்கிறேன்.

இனி என் வீட்டில் நடந்ததைச் சொல்கிறேன். சில ஆண்டுகளுக்கு முன், புரட்டாசி மழையில், என் மாமியார் அடுப்புக்கு மட்டை எடுக்க இருட்டோடு களத்துக்குப் போனார். கண்ணாடி விரியன் வலது காலில் கடித்துவிட்டது. அக்கம்பக்கத்தார் வந்து முழங்காலுக்குக் கீழே கயிற்றால் இறுக்கிக் கட்டினார்கள். மந்திரம் சொல்லிப் பாடம் போடுகிறவரிடம் முதலில் கூட்டிப் போகச் சொன்னவர்களில் நானும் ஒருத்தி. அங்கே ஒன்றரை மணி நேரம் போயிற்று. பிறகு போன தனியார் மருத்துவமனையில் மருந்து இல்லை என்று திருப்பி அனுப்பினார்கள். அரசு மருத்துவமனையை அடைந்தபோது பல் ஈறிலிருந்து இரத்தம் கசிந்துகொண்டிருந்தது. கால் வீங்கி வெள்ளி மெட்டி சதைக்குள் புதைந்து, அதை வெட்டித்தான் எடுத்தார்கள். இரண்டு மில்லி இரத்தத்தைக் கண்ணாடிக் குழாயில் எடுத்து, அசைக்காமல் மேசைமேல் வைத்து, இருபது நிமிடம் கழித்துச் செவிலியர் அதைச் சாய்த்தார். உறைந்திருக்க வேண்டிய இரத்தம் தண்ணீரைப் போலச் சாய்ந்து ஓடியது. அந்தக் குழாய் இன்றைக்கும் என் கண்முன் நிற்கிறது. மாமியார் பிழைத்தார்; ஆனால் சிறுநீரகம் பழுதாகிப் பல முறை டயாலிசிஸ் செய்ய வேண்டியிருந்தது, அதோடு கால்விரல்களில் இரண்டை இழந்தார். விரியன் நஞ்சால் பழுதாகும் சதையைக் கயிற்றுக்கட்டு மேலும் கெடுக்கும் என்பதும், கடித்த காலை ஒடிந்த காலைப் போல அசையாமல் வைத்து, மெட்டி கொலுசுகளைக் கழற்றிவிட்டு, நேரே மருந்துள்ள இடத்துக்குக் கொண்டுபோவதைத் தவிர வீட்டில் செய்யத்தக்கது வேறெதுவும் இல்லை என்பதும் எனக்கு அதன் பிறகே தெரிந்தன.

அன்றைக்கு மருத்துவரிடம் நான் சொன்னது "விரியன் கடித்துவிட்டது" என்பது மட்டுமே. எல்லையில் வாழும் நமக்கு இதில் ஓர் இடர் இருக்கிறது. தமிழில் கண்ணாடி விரியனும் விரியன், கட்டு விரியனும் விரியன். முன்னதன் நஞ்சு இரத்தத்தை உறையவிடாமல் செய்து சிறுநீரகத்தைப் பாதிக்கிறது. பின்னது நரம்பைத் தாக்கி மூச்சை நிறுத்துகிறது. இங்குள்ள மருத்துவமனையில் மலையாளத்தில் முதலாவதை அணலி என்பார்கள், இரண்டாவதை வெள்ளிக்கெட்டன் என்பார்கள், நல்ல பாம்பை மூர்க்கன் என்பார்கள். நல்ல பாம்பு, கட்டு விரியன், கண்ணாடி விரியன், சுருட்டை விரியன் ஆகிய நான்கின் நஞ்சுக்கும் ஒரே முறிமருந்துதான் என்றாலும், நோயாளியிடம் எதைக் கண்காணிக்க வேண்டும், எப்போது செயற்கைச் சுவாசம் தேவைப்படும் என்பது பாம்பைப் பொறுத்து மாறும். அதற்காகப் பாம்பைத் தேடிப் பிடித்துக்கொண்டு போகச் சொல்லவில்லை. அதில் நேரமும் போகும், இன்னொருவர் கடிபடவும் கூடும். நான்கு பாம்புகளின் படமும், இரு மொழிப் பெயரும், கடியின் அடையாளங்களும் கொண்ட பலகை ஒன்று ரேஷன் கடையிலும், அங்கன்வாடியிலும், கள்ளுக்கடை வாசலிலும் இருந்தால், கடிபட்டவரோடு போகிறவர் படத்தை நினைவில் வைத்துச் சொல்ல முடியும்.

இந்தியாவில் 2000 முதல் 2019 வரை ஏறத்தாழப் பன்னிரண்டு இலட்சம் பேர், அதாவது ஆண்டுக்குச் சராசரியாக 58,000 பேர், பாம்புக்கடியால் இறந்தார்கள் என்று 2020-இல் வெளியான ஆய்வு கணக்கிட்டது. அவர்களில் ஏறத்தாழப் பாதிப்பேர் ஜூன் முதல் செப்டம்பர் வரையான மழை மாதங்களில் இறந்தவர்கள். பாலக்காட்டுக் கணவாய் வழியாக மழை நுழைந்து எலி வளைகளில் தண்ணீர் ஏறும் அதே மாதங்கள்தான் நமக்கும் கெட்ட மாதங்கள். 2019-இல் வயநாட்டில் வகுப்பறைக்குள்ளேயே கடிபட்டு ஒரு மாணவி இறந்தபோது, மருத்துவமனைக்குக் கொண்டுபோவதில் ஏற்பட்ட தாமதத்தைப் பற்றித்தான் மாநிலமே பேசியது.

ஆகவே, இயந்திரத்துக்கு ஒதுக்க நினைத்திருக்கும் பணத்தை வேறு வேலைகளுக்குச் செலவிட வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன். கள் இறக்குகிறவர்கள் விடியுமுன் நடக்கும் வாய்க்கால் பாதைக்கு விளக்குப் போடுங்கள். குடியிருப்புச் சுவரை ஒட்டி மட்டை குவிப்பதை நிறுத்தும்படி தோப்புக்காரர்களான எங்களைக் கட்டாயப்படுத்துங்கள்; சாளைகளில் தங்கி வேலை செய்யும் குடும்பங்களுக்குக் கட்டிலும், பாய்க்கடியில் செருகிக்கொள்ளத்தக்க கொசுவலையும் தோப்புக்காரர் செலவில் கிடைக்கட்டும். எந்த மருத்துவமனையில் முறிமருந்தும் செயற்கைச் சுவாசக் கருவியும் இரவிலும் உள்ளன என்று எல்லைக்கு இருபுறமும் விசாரித்து, எழுத்துமூலம் பதில் வாங்கி, அதையும் அந்தப் பலகையில் எழுதுங்கள். பொள்ளாச்சி பக்கமா, பாலக்காடு பக்கமா என்று நடு இரவில் வண்டியில் ஏறிய பிறகு முடிவுசெய்யும் நிலையில் எவரும் இருக்கக் கூடாது. 2024 நவம்பரில் தமிழ்நாடு அரசு பாம்புக்கடியைக் கட்டாயம் தெரிவிக்க வேண்டிய நோயாக அறிவித்தது. நம் பஞ்சாயத்தும் தன் எல்லைக்குள் நேரும் ஒவ்வொரு கடியையும் இடம், நேரம் உட்பட ஒரு பதிவேட்டில் எழுதத் தொடங்கலாம்.

கிராம சபை கூடும் நாளுக்குள் என் களத்து மட்டைகளை வீட்டிலிருந்தும் சாளையிலிருந்தும் ஐம்பது அடி தள்ளி மாற்றிவிடுவேன். பலகைகளில் ஒன்றுக்கான செலவை எங்கள் குடும்பம் ஏற்றுக்கொள்கிறது. இறந்த பிள்ளையின் தாய் இப்போதும் அதே சாளையில்தான் இருக்கிறார். கூட்டத்துக்கு அவரையும் அழைத்து வருகிறேன். அவருக்கு முன் வரிசையில் ஓர் இருக்கை ஒதுக்குங்கள்.

இப்படிக்கு,
தங்கள் வார்டைச் சேர்ந்த தென்னை விவசாயி ஒருத்தி