தேதி, கிழமை காட்டும் வாட்ச் வைத்திருக்கும் எங்கள் வாடிக்கையாளர்களுக்கு ஒரு மடல்

அன்புள்ள வாடிக்கையாளர்களுக்கு வணக்கம்.

"அந்தக் கடையில் பேட்டரி மாற்றினால் தேதி கெட்டுப்போகும்" என்று ஒரு பேச்சு கொஞ்ச நாளாக வாட்ஸ்அப் குழுக்களில் சுற்றிக்கொண்டிருக்கிறது. உங்களில் சிலர் அதை எங்களுக்கே அனுப்பி, என்ன விஷயம் என்று அக்கறையோடு கேட்டீர்கள். நேரில் வந்தவர்களுக்கு மேஜையிலேயே வாட்சைத் திறந்து காட்டி விளக்கினோம். வரமுடியாதவர்கள் அந்தச் செய்தியை மட்டும் படித்துவிட்டு இருந்துவிடக்கூடாது என்பதற்காக இதை எழுதுகிறோம். கொஞ்சம் நீளமாகத்தான் இருக்கும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

புகார் இதுதான். எங்களிடம் பேட்டரி போட்டுப் போன வாட்சில், நடு இரவில் மாறவேண்டிய தேதி நடுப்பகலில் மாறுகிறது. காலையில் 14 என்று காட்டிய வாட்ச், மதியம் 12 மணி தாண்டியதும் 15 என்று காட்டுகிறது. பார்ப்பவருக்கு வாட்ச் கெட்டுவிட்டது என்றுதான் தோன்றும். அப்படித் தோன்றுவதில் தப்பே இல்லை. ஆனால் உள்ளே எதுவும் கெடவில்லை. ஒரு பல்லும் உடையவில்லை, ஒரு பாகமும் தேயவில்லை.

டயலில் இருப்பது 12 மணி. ஒரு நாளுக்கு 24 மணி. சின்ன முள் ஒரு நாளில் இரண்டு தடவை சுற்றி வருகிறது. டயலுக்கு அடியில், சின்ன முள்ளின் சக்கரத்தோடு இணைந்து, 24 மணி நேரத்துக்கு ஒரே ஒரு சுற்று மட்டும் சுற்றும் சக்கரம் ஒன்று இருக்கிறது. அதில் விரல் போல ஒரு சிறு நீட்டம். 1 முதல் 31 வரை எண்கள் அச்சிட்ட தேதித்தட்டின் உள்விளிம்பில் 31 பற்கள். அந்த விரல் நாளுக்கு ஒரு தடவை வந்து ஒரு பல்லைத் தள்ளிவிட்டுப் போகும், தேதி ஒன்று கூடும். முள் 12-ல் நிற்கும்போது அது இரவா பகலா என்று டயலைப் பார்த்துச் சொல்லவே முடியாது. அந்த விரல் எங்கே நிற்கிறது என்பதில்தான் இருக்கிறது இரவும் பகலும். முள்ளை வைக்கும்போது 12 மணி நேரம் மாறிப்போனால், வாட்ச் நம் மதியத்தை அதன் நள்ளிரவாக எடுத்துக்கொள்ளும்.

இதற்கு வைத்தியம் என்ன? வாட்சின் பக்கவாட்டில் இருக்கும் திருகு குமிழைத்தான் சாவி என்கிறோம். அந்தச் சாவியை முழுசாக வெளியே இழுத்து, சின்ன முள்ளை முன்னோக்கி ஒரு முழுச் சுற்று சுற்றி, அதே நேரத்தில் கொண்டுவந்து நிறுத்துங்கள். சரியாகிவிடும். அப்புறம் தேதி ஒன்று முன்னால் போயிருந்தால் அதை மட்டும் பார்த்துக்கொண்டால் போதும். இதற்கு மூடியைத் திறக்கவேண்டியதில்லை, எங்களிடம் வரவும் வேண்டியதில்லை.

பேட்டரி மாற்றிய ஒவ்வொரு வாட்சையும் நாங்கள் தருவதற்கு முன்னால் முள்ளைச் சுற்றி, தேதி எந்த 12-ல் விழுகிறது என்று பார்த்துவிட்டுத்தான் தருகிறோம். இதை அழுத்திச் சொல்ல விரும்புகிறோம். வீட்டுக்குப் போன பிறகு, போனில் பார்க்கும் நேரத்துக்கும் வாட்சுக்கும் இரண்டு நிமிடம் வித்தியாசம் இருக்கிறதே என்று சாவியை இழுத்து முள்ளைச் சுற்றும்போது, கை தவறி ஒரு சுற்று கூடிவிடலாம். வேறு ஊருக்குப் பயணம் போய் நேரத்தை மாற்றி வைக்கும்போதும் இப்படி நடக்கும். யாரையும் குறை சொல்ல இதைச் சொல்லவில்லை. வாட்சை எந்தக் கடையில் வாங்கினாலும், யார் பேட்டரி போட்டாலும் நடக்கக்கூடியது இது. அதை எங்கள் கடையின் வேலைக் குறை என்று எழுதிப் பரப்பியது எங்களுக்கு உண்மையிலேயே வலித்தது. அந்தச் செய்தியில் எங்கள் மூத்த மெக்கானிக்கையும் சேர்த்து எழுதியிருந்தார்கள். அது இன்னும் அதிகமாக வலித்தது.

சரி, தேதி நிஜமாகவே கெட்டுப்போவது எப்படி என்றும் சொல்லிவிடுகிறோம். அதைத் தெரிந்துகொண்டால் உங்கள் வாட்ச் பல வருஷம் நன்றாக இருக்கும்.

சாவியைப் பாதி இழுத்து, நேராகத் தேதியை மாற்றும் வசதி இப்போது பெரும்பாலான வாட்சுகளில் இருக்கிறது. அந்த நிலையில் சாவி தேதித்தட்டைத் தனியாகப் பிடித்துத் தள்ளுகிறது. வாட்ச் தானாகத் தேதியை மாற்றும் வேலையோ நள்ளிரவில் ஒரே நொடியில் முடிந்துவிடுவதில்லை. பல வாட்சுகளில் இரவு 9 மணி சுமாருக்கே அந்த விரல் பல்லைத் தொட ஆரம்பித்துவிடும். 11 மணிக்குப் பார்த்தால் கட்டத்துக்குள் இன்றைய எண் பாதியும் நாளைய எண் பாதியுமாகத் தெரியும் வாட்சுகள் உண்டு, அது பழுதல்ல. தேதி விழுந்த பிறகு கிழமை மாறும். எல்லாம் முடிந்து விரல் பல்லை விட்டு விலக விடிகாலை 3, 4 மணி ஆகிவிடும். அந்த நேரத்துக்குள் சாவியைப் பாதி இழுத்துத் தேதியைத் திருப்பினால், ஒரு பக்கம் விரல் பல்லைப் பிடித்திருக்கும், இன்னொரு பக்கம் சாவி அதே தட்டை இழுக்கும். எது மெலிதோ அது வளையும் அல்லது உடையும். விலை குறைந்த குவார்ட்ஸ் (பேட்டரியில் ஓடும்) வாட்சுகளில் இந்தப் பாகங்கள் பல நேரம் பிளாஸ்டிக். லென்ஸை வைத்துப் பார்த்தால் பல்லின் நுனி மட்டும் சீவியெடுத்த மாதிரி போயிருக்கும். அதன் பிறகு சாவியைத் திருப்பினால் தடையே இல்லாமல் வழவழவென்று சுற்றும், தேதி அசையாது. அல்லது ஒரு குறிப்பிட்ட எண்ணில் வந்து மாட்டிக்கொள்ளும்.

இங்கே வாட்சில் மணி என்ன என்பதுதான் கணக்கு, நீங்கள் எப்போது திருப்புகிறீர்கள் என்பதல்ல. பேட்டரி தீர்ந்து 11 மணியில் நின்றுபோன வாட்சை நீங்கள் காலை 10 மணிக்குக் கையில் எடுத்துத் திருப்பினாலும் ஆபத்து அதேதான். அந்த 11, இரவு 11 ஆக இருக்கலாமே!

ஆகவே இப்படிச் செய்யுங்கள். முதலில் சாவியை முழுசாக இழுத்து, சின்ன முள்ளை 6-க்குப் பக்கம் கொண்டுவாருங்கள். காலை ஆறானாலும் மாலை ஆறானாலும் விரல் பல்லை விட்டுத் தள்ளி நிற்கும். பிறகு சாவியைப் பாதிக்கு உள்ளே தள்ளி, நேற்றைய தேதியையும் நேற்றைய கிழமையையும் வையுங்கள். இன்றையது இல்லை, நேற்றையது. கிழமையும் உள்ள பல வாட்சுகளில் சாவியை ஒரு பக்கம் திருப்பினால் தேதி, மறுபக்கம் திருப்பினால் கிழமை. எந்தப் பக்கம் எது என்பது மாடலுக்கு மாடல் மாறும், திருப்பிப் பார்த்தால் தெரிந்துவிடும். இப்போது சாவியை மறுபடி முழுசாக இழுத்து, முள்ளை முன்னோக்கிச் சுற்றுங்கள். இன்றைய தேதி எந்த 12-ல் விழுகிறதோ அதுதான் நள்ளிரவு. அங்கிருந்து முன்னோக்கிப் போய் இப்போதைய நேரத்தில் நிறுத்துங்கள். மதியத்துக்கு மேல் என்றால் இன்னொரு தடவை 12-ஐத் தாண்டிப் போகவேண்டும். சாவியை உள்ளே தள்ளிவிட்டால் முடிந்தது. இப்படி வைத்த வாட்சில் தேதி பகலில் மாறவே மாறாது.

முள்ளைப் பின்னோக்கிச் சுற்றலாமா என்று பலர் கேட்கிறீர்கள். ஒன்றிரண்டு நிமிடம் பின்னால் போவதில் பிரச்சினை இல்லை. 12-ஐத் தாண்டிப் பின்னால் போகாதீர்கள், பழைய வாட்ச் என்றால் கண்டிப்பாக வேண்டாம். நீர் புகாத வகை வாட்சுகளில் சிலவற்றுக்குச் சாவி மரை போட்டு முடுக்கியிருக்கும். அதை இடது பக்கம் திருகிக் கழற்றிய பிறகுதான் இழுக்கவேண்டும், வேலை முடிந்ததும் அழுத்தித் திரும்ப முடுக்கவேண்டும். சாவி பாதி வெளியே இருக்கும்போது கை கழுவினால்கூடத் தண்ணீர் உள்ளே போகும். தண்ணீர் போன வாட்சின் தேதித்தட்டில் எண்கள் மங்கி, ஓரங்களில் கறை படிந்து வருவதை நாங்கள் அடிக்கடி பார்க்கிறோம்.

இன்னொரு சந்தேகம் கிழமைத்தட்டைப் பற்றியது. பல வாட்சுகளில் அந்தத் தட்டில் ஏழு கிழமைகளும் இரண்டு மொழிகளில், மொத்தம் பதினான்கு பெயர்களாக, ஒன்றுவிட்டு ஒன்றாக அச்சாகியிருக்கும். அதனால் நள்ளிரவு தாண்டியதும் முதலில் நீங்கள் வைக்காத மொழியில் கிழமை தெரியும். சில மணி நேரம் கழித்து உங்கள் மொழிக்கு வந்துவிடும். இரவு ஒரு மணிக்கு விழித்துப் பார்த்துவிட்டுப் பதறவேண்டாம்.

தேதியைக் கையால் சரிசெய்யவேண்டிய நாட்கள் வருஷத்துக்கு ஐந்துதான்: மார்ச் 1, மே 1, ஜூலை 1, அக்டோபர் 1, டிசம்பர் 1. முந்தைய மாதத்துக்கு 31 நாள் இல்லை என்பது சாதாரண வாட்சுக்குத் தெரியாது. கிழமைக்கு அந்தக் கவலையே இல்லை, வாட்ச் நிற்காத வரை அது பிசகாது. பேடெக் ஃபிலிப் என்ற சுவிஸ் கம்பெனி 1996-ல் கொண்டுவந்த, 30, 31 நாள் மாதங்களைத் தானே அறிந்த வருடாந்திரக் காலண்டர் வகைக்கு மார்ச் 1 அன்று மட்டும் திருத்தம் போதும். லீப் வருஷமும் அறிந்த நிரந்தரக் காலண்டர் வகைக்கு 2100 வரை கை வைக்கத் தேவையில்லை. 2100 லீப் வருஷம் அல்ல என்பதால் அந்த மார்ச் மாதம் ஒரு திருத்தம். அதெல்லாம் நம்மில் மிகச் சிலரே வாங்கக்கூடியவை. ரோலெக்ஸ் 1945-ல் தேதி காட்டும் டேட்ஜஸ்ட்டையும், 1956-ல் கிழமையை முழுசாக எழுதிக் காட்டும் டே-டேட்டையும் கொண்டுவந்தது. 1963-ல் வந்த சீக்கோ 5, கிழமையையும் தேதியையும் ஒரே கட்டத்தில் வைத்துச் சாதாரண மக்கள் கைக்குக் கொண்டுசேர்த்தது. இத்தனை சின்ன இடத்தில் இவ்வளவு வேலை செய்யும் பொருள் இது. அதை எங்களை நம்பித் தருகிறீர்கள் என்பதை நாங்கள் மறப்பதில்லை.

எங்கள் மூத்த மெக்கானிக் பற்றியும் சொல்லவேண்டும். கண்பார்வை முன்போல் ஒத்துழைக்கவில்லை என்று அவராகவே ஓய்வு கேட்டுக்கொண்டார். அவர் போனதற்கும் இந்தப் பேச்சுக்கும் எந்தச் சம்பந்தமும் இல்லை. அவர் தொட்ட வாட்ச் அதே பழுதுக்குத் திரும்பி வந்ததாக எங்களுக்கு நினைவில்லை. அவரிடம் வேலை கற்றவர்கள்தான் இப்போது மேஜையில் இருக்கிறார்கள். ஒரே ஆள் செய்த வேலையை இரண்டு பேர் பகிர்ந்துகொள்வதால், தேதி உள்ள வாட்சுகளை ஓர் இரவு எங்களிடமே வைத்திருந்து, நள்ளிரவுக்குப் பிறகு தேதியும் கிழமையும் சரியாக விழுந்ததா என்று பார்த்து மறுநாள் தருவோம். மாதப் பிறப்பில் தேதி வைத்துத் தருவதற்கு அடுத்த மாதம் முதல் சிறு கட்டணமும் உண்டு.

அந்தச் செய்தி சுற்றிக்கொண்டிருந்த நாட்களிலும் வழக்கம்போல வாட்சைக் கழற்றி மேஜையில் வைத்துவிட்டு, "பார்த்து வையுங்கள், அப்புறம் வாங்கிக்கொள்கிறேன்" என்று போனவர்கள் இருக்கிறீர்கள். குழுவிலேயே எங்களுக்காகப் பதில் எழுதியவர்கள் இருக்கிறீர்கள். அப்பாவின் வாட்சை எடுத்துவந்து, ஓடினால் போதும் என்று தந்துவிட்டு, ஓடியதும் கண்கலங்கியவர்களும் இருக்கிறீர்கள். உங்கள் எல்லோருக்கும் மனமார்ந்த நன்றி.

தேதி மதியத்தில் மாறுகிறது என்று யாராவது உங்களிடம் சொன்னால், முள்ளை ஒரு சுற்று முன்னோக்கிச் சுற்றச் சொல்லுங்கள். தேதி மாட்டிக்கொண்டது என்றால் சாவியை மேலும் திருப்பாமல், அந்த எண்ணிலேயே விட்டு எங்களிடம் கொண்டுவரச் சொல்லுங்கள்.

அன்புடன்,
கடை உரிமையாளர்