அந்த பிரஷ்களுக்குச் சொந்தக்காரர்கள்

அன்புள்ள தம்பி,

நேற்று ராத்திரி நீ அனுப்பிய படங்களைப் பார்த்தேன். அமெரிக்காவில் கைவிடப்பட்ட மனநல மருத்துவமனைகள். "பேய் பங்களா தோத்துப்போகும் அக்கா, குலை நடுங்குது" என்று கூடவே எழுதியிருந்தாய். எனக்கு அப்படித் தோன்றவில்லை. தூக்கம் பிடிக்காமல்தான் இதை எழுதுகிறேன்.

அந்த நீண்ட வராந்தா இருக்கிறதே, பெயின்ட் சுருள் சுருளாக உரிந்து தொங்குவது. சரி, பார்த்ததும் பகீரென்றுதான் இருக்கும். ஆனால் அந்தப் பெரிய ஜன்னல்களையும் பார். 19ஆம் நூற்றாண்டின் நடுவில் தாமஸ் கர்க்பிரைட் என்ற மருத்துவர் வகுத்த அமைப்பில் எழுந்த கட்டடங்கள் அங்கே நிறைய. வெளிச்சமும் காற்றும் மனதை ஆற்றும் என்று நம்பியவர் அவர். எந்த வார்டும் இன்னொன்றின் வெயிலை மறைக்கக் கூடாது என்று ஒவ்வொரு பகுதியையும் சற்றுப் பின்தள்ளிக் கட்டச் சொன்னார். ஒரு மருத்துவமனைக்கு 250 பேர் போதும் என்பது அவர் கணக்கு. அப்புறம் அதே கூரைகளின் கீழ் ஆயிரக்கணக்கில் அடைத்தார்கள். 1955இல் அந்நாட்டு அரசு மனநல மருத்துவமனைகளில் ஐந்தரை லட்சம் பேருக்கு மேல் இருந்தார்கள். குலை நடுங்க வேண்டியது அதற்குத்தான், தம்பி.

கிறிஸ்டோபர் பெய்ன் என்ற புகைப்படக்காரர் எடுத்த படம் ஒன்று உண்டு. நியூயார்க் மாநிலத்தின் ஹட்சன் ரிவர் மருத்துவமனையில் வரிசையாகத் தொங்கும் டூத் பிரஷ்கள். ஒவ்வொன்றுக்கும் ஒரு பெயர். அந்தப் படத்தைத்தான் வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தேன். யாரோ தினமும் காலையில் வந்து, தன் பெயரைத் தேடி, தன் பிரஷ்ஷை எடுத்திருக்கிறார்கள்.

அதே மாநிலத்தில் வில்லார்ட் என்ற மருத்துவமனை, 1869இல் திறந்தது. 1995இல் மூடும்போது பரணில் சுமார் 400 பெட்டிகள் கிடைத்தன. உள்ளே வந்த நாளில் நோயாளிகள் கையில் கொண்டுவந்தவை. வீட்டுக்குப் போகும்போது எடுத்துக்கொள்ளலாம் என்று எத்தனை பேர் நினைத்தார்களோ.

உனக்குச் சொல்லாத ஒன்றைச் சொல்கிறேன். நம் பெரியம்மா, நீ பிறப்பதற்கு முன்னால், பதினொரு மாதம் இப்படியொரு மருத்துவமனையில் இருந்தார். வீட்டில் யாரும் வாய் திறப்பதில்லை. ஒன்பது வயதில் அம்மாவோடு பார்க்கப் போனேன். நானும் உன்னைப் போலவே பயந்துபோய் அம்மாவின் முந்தானையை விடவே இல்லை. பெரியம்மா கட்டிலுக்கு அடியிலிருந்து ஒரு பிளாஸ்டிக் மக்கை எடுத்துக் காட்டினார். மற்றவர்கள் எடுத்துப் போய்விடுகிறார்களாம், அதனால் நர்ஸிடம் சிவப்பு நெயில் பாலிஷ் கேட்டு வாங்கித் தன் பெயரை எழுதியிருந்தார். கடைசி எழுத்துக்கு இடம் போதாமல் கைப்பிடியில் ஏறியிருந்தது. "அழகா இருக்கா பாப்பா?" என்று கேட்டார். நான் பதில் சொல்லவில்லை. அது இன்னும் உறுத்துகிறது.

அந்த வார்டையும் நாளைக்கு யாராவது படமெடுத்து, "பேய் ஆஸ்பத்திரி" என்று போடுவார்கள். அதைப் பார்க்கிற, இப்போது மருந்து சாப்பிட்டுக்கொண்டிருக்கும் ஒருவருக்கு எப்படி இருக்கும்? டாக்டரிடம் போக இன்னும் நாலு மாதம் தயங்க மாட்டாரா?

படங்களை அழிக்க வேண்டாம், வைத்துக்கொள். ஞாயிற்றுக்கிழமை வீட்டுக்கு வா. அந்த மக் என்னிடம்தான் இருக்கிறது. எழுத்து பாதி உதிர்ந்துவிட்டது, கைப்பிடியில் ஏறிய அந்த ஒன்று மட்டும் அப்படியே இருக்கிறது.

அன்புடன்,
அக்கா