நீலகிரி என்றால் தைலமா, ரயிலா?

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

உங்கள் சிறுதொழில் பக்கத்தில் இணைய விளம்பரம் பற்றி வந்த கட்டுரையைப் படித்தேன். 'கிளிக் விழுந்தால்தான் காசு, அதனால் சிறு வியாபாரிக்கு வீண் செலவே கிடையாது' என்று அதில் ஒரு வரி. நானும் அதை நம்பித்தான் இறங்கினேன்.

குன்னூர் பக்கம் நீலகிரித் தைலம் காய்ச்சி விற்கிற குடும்பம் எங்களுடையது. 2021-இல் விளம்பரம் போட ஆரம்பித்தபோது 40 கிளிக்குக்கு ஒரு ஆர்டராவது வரும். 2024 மே மாதம் நீலகிரிக்கு வரும் வெளியூர் வண்டிகளுக்கு இ-பாஸ் வந்தபின் கடை வாசலில் நிற்கும் வண்டிகள் குறைந்துவிட்டன, ஆன்லைனைத்தான் நம்ப வேண்டியதாயிற்று. ஆனால் இப்போது 200 கிளிக் போனாலும் ஒரு பாட்டில் நகர்வதில்லை. போட்டி கூடிவிட்டது என்று மனதைத் தேற்றிக்கொண்டிருந்தேன்.

ஒருநாள் ராத்திரி, எதைத் தேடியவர்கள் நம் விளம்பரத்தைத் தொட்டார்கள் என்று காட்டும் பட்டியலை மகன் திறந்து காட்டினான். பாதிப் பேர் தேடியது ரயிலை! சென்னையிலிருந்து மேட்டுப்பாளையம் வரும் நீலகிரி எக்ஸ்பிரஸில் பெர்த் கிடைக்குமா என்று பார்க்க வந்தவர்களுக்கு என் தைல பாட்டிலைக் காட்டியிருக்கிறார்கள். அப்புறம் நீலகிரி வரையாடு, நீலகிரி மாவட்ட வேலைவாய்ப்பு. எங்கள் ஊரில் ஒரே பெயர் மலைக்கும் மரத்துக்கும் ஆட்டுக்கும் ரயிலுக்கும் இருப்பது அந்த இயந்திரத்துக்கு எப்படித் தெரியும்?

கட்டுரைகளின் நடுவே வரும் விளம்பரத்தின் கதை இன்னும் மோசம். பக்கத்தில் உள்ள சொற்களைப் பார்த்துப் பொருத்தமான விளம்பரம் போடுவார்களாம். புதுக்கோட்டைப் பக்கம் தைலமரக் காடுகள் நிலத்தடி நீரை உறிஞ்சுகின்றன என்று விவசாயிகள் கொதித்துப்போய்ப் பேசும் செய்தியின் கீழே 'சுத்தமான தைலம், வீட்டுக்கே வரும்' என்று என் விளம்பரம். சொல் பொருந்தியது, சரி. அந்த நேரத்தில் யார் தைலம் வாங்குவார்கள்?

என் பக்கமும் தப்பு உண்டு. எந்தச் சொல்லைத் தேடினால் என் விளம்பரம் வர வேண்டும் என்ற இடத்தில், பள்ளியில் கற்றபடி ஒற்று போட்டு 'நீலகிரித் தைலம்' என்று மட்டும் கொடுத்திருந்தேன். ஜனங்கள் ஒற்றில்லாமல் தட்டுகிறார்கள், அதைவிட அதிகமாக ஆங்கில எழுத்தில் தட்டுகிறார்கள். எங்கள் ஊர்க்காரர்களோ கற்பூர மரம் என்பார்கள். நான் கொடுத்த சொல்லுக்கு 'நெருங்கியது' எது என்பதை விளம்பரத்தைக் காட்டும் இணைய நிறுவனமே தீர்மானிக்கிறது. அந்த நெருக்கம் வருஷத்துக்கு வருஷம் தளர்ந்துகொண்டே போகிறது.

இடத் தேர்விலும் ஒரு சூது. தமிழ்நாடு என்று குறித்தால், தமிழ்நாட்டில் இருப்பவர்களுக்கு மட்டும் காட்டுவார்கள் என்றுதானே நினைப்போம்? அந்த இடத்தில் 'ஆர்வம் காட்டியவர்கள்' எங்கிருந்தாலும் சேர்த்துக்கொள்ளும்படிதான் அமைப்பு வருகிறது. ஊட்டி டூருக்கு விலை பார்க்கும் டெல்லிக்காரருக்கும் நான் காசு கொடுத்திருக்கிறேன். போதாக்குறைக்கு மொபைல் கேம்களுக்குள்ளும் என் விளம்பரம். ராத்திரி 2 மணிக்கு மளமளவென்று கிளிக், எல்லாம் ஒரே நொடியில் வெளியே போனவை. விளையாடும்போது விரல் தவறிப் பட்டவை என்றுதான் நினைக்கிறேன்.

இப்போது ரயில், எக்ஸ்பிரஸ், வரையாடு, வேலை என்று 60-க்கும் மேல் சொற்களை நெகட்டிவ் கீவேர்டாக, அதாவது இவற்றைத் தேடினால் விளம்பரத்தைக் காட்டாதே என்று, போட்டிருக்கிறோம். கேம் ஆப்களை அடைத்தாயிற்று. இடத்தையும் 'அங்கே இருப்பவர்கள் மட்டும்' என்று மாற்றிவிட்டோம். கிளிக் மூன்றில் ஒரு பங்காகச் சுருங்கிவிட்டது, ஆர்டர் மட்டும் கொஞ்சம் எட்டிப் பார்க்கிறது. 40 கிளிக்குக்கு ஒரு ஆர்டர் என்ற பழைய நிலை இன்னும் திரும்பவில்லை.

விளம்பரமே கூடாது என்று நான் சொல்லவில்லை. அடுத்த முறை இதை எழுதும்போது, பணம் கட்டுவதற்கு முன் எந்தெந்தப் பெட்டியில் டிக்கை எடுக்க வேண்டும் என்று படத்தோடு போடுங்கள். ஒரு கொப்பரை இலை காய்ச்சினால் எவ்வளவு எண்ணெய் தேறும் என்று பார்த்தவர்களுக்குத்தான் ஒரு கிளிக்கின் விலை உறைக்கும்.

இப்படிக்கு,
தைல வியாபாரி ஒருவர்,
குன்னூர்.