காஸிப்பூரிலிருந்து (டாக்கா பக்கம், பங்களாதேஷ்)

அன்புள்ள மாப்ளே,

நாலு மாசமாக ஒரு வரி போடவில்லை. நீ திட்டியதெல்லாம் இங்கே டாக்கா வரைக்கும் கேட்டது. குண்டனுக்கு மறுபடியும் சுகர் ஏறிவிட்டதாமே, அந்தப் பரோட்டாக் கடைக்காரரிடம் சொல்லி கணக்கை முடிக்கச் சொல். அம்மா கண் ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது. சரி, இனிச் சொல்ல வந்ததைச் சொல்கிறேன்.

எங்கள் கார்மென்ட்ஸ் ஃபேக்டரியில் ஏழாம் லைனில் சட்டைக்குக் காலர் வைக்கிற பெண் ஒருத்தி, 19 வயது. போன மாதம் ஒரு வியாழக்கிழமை சாயங்காலம், அவள் தைத்து, சரியில்லை என்று திரும்பி வந்த ஆல்ட்டர் பீஸ்களை அவள் மிஷின் மேலேயே விசிறி அடித்தேன். ஷிப்மென்ட் நேரம், என் வாய் உனக்குத் தெரியாததா! வெள்ளி இங்கே லீவு. சனிக்கிழமை அவள் வரவில்லை. உயிரை விடப் பார்த்திருக்கிறாள், ஆஸ்பத்திரியில் கிடக்கிறாள் என்று மத்தியானம்தான் சொன்னார்கள்.

வீட்டார் சொன்னது வயிற்றுவலி. இங்கே எல்லாரும் அப்படித்தான் சொல்கிறார்கள், சொல்லாமல் என்ன செய்வார்கள்? மார்க்கத்தில் பெரும்பாவம், செத்தால் ஜனாஸா, அதாவது கடைசித் தொழுகை, நடத்த ஹஜ்ரத் வருவாரோ மாட்டாரோ என்ற பயம். பிழைத்தாலோ தற்கொலைக்கு முயன்ற குற்றம் என்று 309-ஆம் பிரிவு, ஒரு வருஷம் வரை ஜெயில். 1860-இல் வெள்ளைக்காரன் எழுதிவைத்தது. பாகிஸ்தான்காரனே 2022-இல் தூக்கிவிட்டான், நம் ஊரில் 2024-இல் வந்த புதுச் சட்டத்தில் அது இல்லை, இங்கே இன்னும் கிடக்கிறது.

போன வருஷம் துணி வெட்டுகிற கட்டிங் செக்ஷனில் ஒரு மனுஷன் இப்படித்தான் போய்ச் சேர்ந்தார். அன்றைக்கு கேன்டீனில் எல்லாரும் கேட்டது, “கடன் எவ்வளவாம்?” இந்தப் பெண்ணுக்கு அதே கேன்டீனில், “யாரோடவாம்?” அதிலிருந்து எனக்குத் தூக்கமில்லை மாப்ளே.

யாரோடும் இல்லை. அவளுக்கும் கடன்தான். சங்கத்துக் கடனை இங்கே பெரும்பாலும் பெண் பேரில்தான் கொடுக்கிறார்கள், வாங்கிச் செலவழிப்பது பல வீட்டில் புருஷன். வாரத் தவணைக்குப் பேர் கிஸ்தி, ஆமாம், நம் கிஸ்தியேதான். வசூல்காரன் வந்தால் வாசலில் நிற்க வேண்டியவள் இவள். அதுபோக 16 வயதில் கல்யாணம். சட்டப்படி 18, ஆனால் நாட்டில் ஏறக்குறைய பாதிப் பெண்களுக்கு அதற்கு முன்பே முடிந்துவிடுகிறது. மாப்பிள்ளை கொடுக்க வேண்டியது மஹர், கைக்கூலி வாங்குவது நம் ஊர் வியாதி என்று நம்ம பாய் கத்துவானே, அவனிடம் சொல், அந்த வியாதி இங்கேயும் இருக்கிறது, பேர் மட்டும் ஜௌதுக்.

கட்டிங்காரர் சம்பாதிக்க முடியாத வெட்கத்தை யாரிடமும் சொல்லாமல் போனார். இவளோ மாமியாரிடம், அம்மாவிடம், பக்கத்து மிஷின்காரியிடம் எல்லாரிடமும் சொல்லியிருக்கிறாள். பொறுத்துக்கோ என்று அத்தனை பேரும் ஒரே பதில். உலகத்தில் பெரும்பாலான இடங்களில் இப்படிச் சாவது ஆண்கள்தான் அதிகம். இங்கே சின்ன வயதில் பெண் பிள்ளைகள் அப்படிப் பின்தங்கி இல்லை. மனுஷனுக்குக் காப்பு என்று கல்யாணத்தைச் சொல்வார்கள், இந்தப் பிள்ளைகளுக்கு அதுவே கண்டமாகிவிடுகிறது.

இத்தனைக்கும் வழியே இல்லாமலில்லை. இங்கே 2000-இல் கடும் விஷமுள்ள பூச்சிமருந்துகளைத் தடை செய்தார்கள். அப்புறம் அந்தச் சாவுகள் குறைந்தன, விளைச்சல் ஒன்றும் விழுந்துவிடவில்லை. சாகலாம் என்று தோன்றுகிற அந்தக் கொஞ்ச நேரம் தாண்டிவிட்டால் போதும் போல. டாக்காவில் 2013 முதல் ‘கான் பேதே ரோய்’ என்று ஒரு ஹெல்ப்லைன் இருக்கிறது, காதைக் கொடுத்துக் கேட்டபடி இருக்கிறேன் என்று அர்த்தமாம். அந்த நம்பரை லேடீஸ் டாய்லெட் கதவில் ஒட்டினேன். “பையர் ஆடிட் வந்தா கேள்வி வரும் சார்” என்று மறுநாளே கிழித்துவிட்டான் அட்மின்காரன். திரும்பவும் ஒட்டியிருக்கிறேன், இந்தத் தடவை ஃபெவிகால் போட்டு.

நேற்று அவள் வேலைக்கு வந்தாள். அதே வீட்டிலிருந்துதான். என்னைக் கண்டதும் எழுந்து நின்று பீஸை நீட்டினாள், காலர் நூல் பிடித்த மாதிரி நேராக இருந்தது. எனக்கு வருகிற வங்காளமெல்லாம் சீக்கிரம், திருத்து, எண்ணு, இவ்வளவுதான். தலையை ஆட்டிவிட்டு நகர்ந்துவிட்டேன்.

தங்கச்சி ஆஸ்பத்திரியில் இப்படி வருகிறவர்களோடு பேசுகிறவள்தானே. முதல் வார்த்தையாக என்ன சொல்வாள் என்று கேட்டு எழுது. வியாழக்கிழமைக்குள் எழுது. தமிழிலேயே இருக்கட்டும், அதை வங்காளத்தில் சொல்லித்தர இங்கே ஆள் உண்டு.

உன்,
ஒல்லிக்குச்சி